பொருத்து எங்கே கேட்கிறது? நோர்வேஜியக் கூட்டுச்சொற்களில் அசையும் அழுத்தமும்

(ஒஸ்லோவில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நாட்டில் வாகனம் வைத்திருக்கும் எல்லாரும் கண்ட சொல் ஒன்று உண்டு. உதிரிப்பாகக் கடைகளின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும்: 'பீல்தேலெர்'. நோர்வேஜிய எழுத்தில் எட்டு எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. 'பீல்' என்றால் கார், 'தேலெர்' என்றால் பாகங்கள். ஆனால் இதே எட்டு எழுத்தை வேறோர் இடத்திலும் வெட்டலாம். 'பில்தெ' என்றால் படம், 'லேர்' என்றால் களிமண். 'பில்தெலேர்' என்று படித்தால் படக் களிமண் என்று பொருளற்ற ஒன்று கிடைக்கும். எழுத்தைப் பார்த்து மட்டும் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. காதால் கேட்டால் ஒரு கணமும் ஐயம் எழாது. காரைச் சொல்லும்போது முதல் இகரம் நீள்கிறது, 'தே' என்ற இரண்டாம் அசையும் நீண்டு சிறிது எடுத்து ஒலிக்கிறது. படத்தைச் சொல்லும்போது முதல் இகரம் குறுகி லகரமும் தகரமும் அடுத்தடுத்து மோதுகின்றன, நடுவில் உள்ள எகரம் தேய்ந்து கிடக்கிறது, கடைசி அசைதான் நீள்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதிலிருந்து பிறப்பதுதான். நோர்வேஜிய மொழியில் இரண்டு சொற்களைக் கூட்டுச்சொல்லாக்குவது குரல். சேர்த்து எழுதுவது, வரிமுடிவில் எங்கே வெட்டுவது, நடுவில் எஸ் போடுவதா இல்லையா என்பதெல்லாம் அந்தக் குரலின் பின்னால் வருகிற ஏற்பாடுகள். நாமோ இந்த மொழியைப் பெரும்பாலும் தாளிலிருந்து கற்கிறோம். அதனால் ஏற்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டு, அவற்றுக்குக் காரணமான ஒலியைக் கேட்காமலே போகிறோம்.

தமிழ் எழுத்தில் நோர்வேஜிய ஒலிகளை முழுமையாகக் காட்ட இயலாது. உதட்டைக் குவித்துச் சொல்லும் எகரம் ஒன்று அங்கே இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதை நான் ஒகரமாகவே எழுதுகிறேன். நீங்கள் காதில் கேட்ட ஒலியை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அழுத்தம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. 'அம்மா' என்பதை எந்த அசையில் ஊன்றிச் சொன்னாலும் அம்மாதான். நோர்வேஜியத்தில் அப்படியல்ல. 'நொர்ஸ்க் லாரெர்' என்று இரண்டு சொல்லாக, இரண்டாவதை ஊன்றிச் சொன்னால் 'நோர்வே நாட்டு ஆசிரியர்'. அவர் கணக்குப் படிப்பிக்கலாம், தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம். 'நொர்ஸ்க்லாரெர்' என்று ஒரே சொல்லாக, முதல் பகுதியை ஊன்றிச் சொன்னால் 'நோர்வேஜிய மொழி ஆசிரியர்'. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவராகவும் இருக்கலாம். எழுத்தில் ஓர் இடைவெளி செய்யும் வேலையை வாயில் அழுத்தம் செய்கிறது.

கூட்டுச்சொல்லின் பொதுவிதி இது: முதல் உறுப்புக்குத் தலையழுத்தம், இரண்டாம் உறுப்புக்குத் துணையழுத்தம். இந்தத் துணையழுத்தத்தைத்தான் நம்மவர் தவறவிடுகிறார்கள். பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விடும் 'பாணெஹாகெ'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'பா'வில் ஊன்றுகிறோம், சரி. ஆனால் 'ஹா'வை விழுங்கிவிட்டால் நோர்வேஜியர் அதை ஒரு கூட்டுச்சொல்லாகக் கேட்க மாட்டார். 'ஹா' நெடிலாகவே நிற்கவேண்டும், தன் சொந்தக் கால்களில் நிற்கவேண்டும்; 'பா'வைவிடச் சற்றுத் தணிந்து நின்றால் போதும்.

ஏன் நெடிலாக நிற்கவேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். அழுத்தம் பெறும் அசை எப்போதும் கனமாக இருக்கவேண்டும். கனம் இரண்டு வழிகளில் வரும். உயிர் நீளும், பின்வரும் மெய் ஒற்றையாக இருக்கும். அல்லது உயிர் குறுகும், மெய் இரட்டித்து நீளும். 'தாக்' என்றால் கூரை, 'தக்க்' என்றால் நன்றி. 'பேன்' என்றால் அழகான, 'பென்ன்' என்றால் பேனா. இரண்டில் ஒன்று நீளவேண்டும்; இரண்டும் சேர்ந்து நீளக் கூடாது, இரண்டும் சேர்ந்து குறுகவும் கூடாது. தமிழ் இந்தக் கட்டுப்பாட்டை அறியாது. நம்முடைய 'பாட்டு' என்ற சொல்லில் உயிரும் நெடில், மெய்யும் இரட்டை. 'படி' என்பதில் உயிரும் குறில், மெய்யும் ஒற்றை. இரண்டுமே நமக்கு இயல்பு. அழுத்தம் பெறும் நோர்வேஜிய அசையில் இரண்டும் நடக்காது. குறில் நெடிலில் பழகிய காது நம்முடையது. அது இங்கே பெரிய முதல்தான். ஆனால் உயிரை மட்டும் அளந்து மெய்யை அளக்காமல் விட்டால் கணக்குப் பிழைக்கும். 'தக்க்' சொல்லும்போது ககரத்தில் நாக்கு ஒரு கணம் தங்கவேண்டும். நம் 'பக்கம்' என்ற சொல்லில் அது தங்குகிறதே, அதே அளவு.

கூட்டுச்சொல்லில் தலையழுத்தம் பெறும் அசை, துணையழுத்தம் பெறும் அசை இரண்டுமே இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஒரு நோர்வேஜியர் நீண்ட சொல்லைக் கேட்கும்போது அவர் காது இந்தக் கனமான அசைகளைத் தேடிப் பிடித்து, அங்கே ஓர் உறுப்பு இருக்கிறது, இங்கே ஓர் உறுப்பு இருக்கிறது என்று பிரித்துக்கொள்கிறது. 'பீல்தேலெர்' அவருக்கு விளங்குவதற்குக் காரணம் 'பீல்', 'தேல்' என்ற இரண்டு நீட்சிகள்.

முதல் உறுப்புக்குத் தலையழுத்தம் என்று சொன்னேன். அதை 'முதல் அசைக்கு' என்று எடுத்துக்கொண்டு இடறுபவர்கள் பலர். அழுத்தம் விழுவது முதல் உறுப்பு தனியே இருக்கும்போது எந்த அசையில் ஊன்றுமோ அந்த அசையில். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்கள் பெரும்பாலும் கடைசி அசையில் ஊன்றுகின்றன. அலுவலகத்துக்கு 'குன்தூர்', ஊன்றல் 'தூர்' மேல். அலுவலக நாற்காலிக்கு 'குன்தூர்ஸ்தூல்'. தலையழுத்தம் அதே 'தூர்' மேலேயே இருக்கிறது, 'ஸ்தூல்' துணையாக வருகிறது. பல்கலைக்கழக நூலகத்துக்கு 'ஊனிவர்சிதேத்ஸ்பிப்லியொதேக்' என்று நீண்ட சொல். அதில் முதல் நான்கு அசைகளை லேசாகத் தாண்டி 'தேத்' மேல் ஊன்றி, மறுபடி லேசாக ஓடிக் கடைசி 'தேக்' மேல் சிறிது ஊன்றினால் முடிந்தது. அந்தச் சொல்லைக் கண்டு மலைப்பவர்கள் அசைகளை எண்ணுகிறார்கள். அதில் இருப்பது இரண்டே ஊன்றல்கள்தான். கிழக்கு நோர்வேயின் கிராமத்துப் பேச்சில் இந்த வெளியூர்ச் சொற்களையும் முதல் அசைக்கு இழுத்து ஊன்றும் வழக்கம் உண்டு. பத்திரிகைக்கான 'அவீஸ்' அங்கே 'அ'வில் ஊன்றி ஒலிக்கும். அதைப் பிழை என்று யாரும் திருத்துவதில்லை. பேச்சுக்கு இந்த நாட்டில் அரசு வகுத்த தரம் கிடையாது. வகுப்பறையிலும் நாடாளுமன்றத்திலும் வானொலியிலும் அவரவர் ஊர்ப்பேச்சில் கதைக்கிறார்கள். மொழிக் கல்வியில் நான் மதிக்கும் நல்ல பண்புகளில் இது ஒன்று.

இனித் தொனி. இதை அவர்கள் 'தூனெலாக்' என்கிறார்கள். இரண்டு வகை உண்டு, ஒன்று இரண்டு என்றே எண்ணிடுகிறார்கள். ஒஸ்லோவைச் சுற்றிய கிழக்குப் பேச்சில் முதல் தொனி தாழ்ந்து தொடங்கி மேலே ஏறும். இரண்டாம் தொனி உயர்ந்து தொடங்கி, இறங்கி, பிறகு ஏறும். புகழ்பெற்ற இணை 'பொன்னெர்'. முதல் தொனியில் சொன்னால் உழவர்கள். இரண்டாம் தொனியில் சொன்னால் அவரை விதைகள், அல்லது பிரார்த்தனைகள். எழுத்தில் உழவர்களுக்கு மட்டும் இரண்டாம் 'என்' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு 'டி' இருக்கிறது, அது ஒலிப்பதில்லை. வாயில் வேறுபாடு தொனி மட்டுமே.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றில் அழகான விடை இருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் உழவர்களைக் குறித்த சொல் ஓரசைச் சொல். கடைசி மெய்களுக்கு இடையில் உயிர் இல்லை. அவரைக்கும் பிரார்த்தனைக்கும் இருந்த பன்மைகள் ஈரசைச் சொற்கள். பின்னாளில் உழவர் சொல்லின் ஈற்று மெய்களுக்கு நடுவே ஓர் எகரம் முளைத்தது. இன்று எல்லாமே ஈரசை. ஆனால் அன்று ஓரசையாக இருந்தது முதல் தொனியையும் அன்றே ஈரசையாக இருந்தது இரண்டாம் தொனியையும் இன்றும் சுமக்கின்றன. ஏறத்தாழ எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சொல்லுக்கு எத்தனை அசை இருந்தது என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையின் குரல் இன்று பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கூட்டுச்சொல்லுக்கு இது எப்படி வருகிறது? பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டு முழுவதும் புழங்கும் இரண்டு சொற்களைப் பாருங்கள்: 'வின்தெர்ஃபேரியெ', 'சொம்மெர்ஃபேரியெ'. பனிக்கால விடுமுறையும் கோடை விடுமுறையும். பனிக்காலத்தின் பழைய சொல் ஓரசை, ஆகவே 'வின்தெர்' முதல் தொனி. கோடையின் பழைய சொல் ஈரசை, ஆகவே கிழக்குப் பேச்சில் 'சொம்மெர்' இரண்டாம் தொனி. விடுமுறையோடு சேரும்போது முதல் உறுப்பின் தொனியே முழுச் சொல்லுக்கும் வந்துவிடுகிறது. பனிக்கால விடுமுறை தாழத் தொடங்குகிறது, கோடை விடுமுறை உயரத் தொடங்குகிறது. முதல் உறுப்பு இரண்டு அல்லது மேற்பட்ட அசை கொண்டதாக இருந்தால் இந்த விதியைப் பெரும்பாலும் நம்பலாம். அது ஓரசையாக இருந்தால் நம்ப முடியாது. சில சொற்கள் முதல் தொனியிலும் சில இரண்டாம் தொனியிலும் கூட்டு சேர்கின்றன, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பழகவேண்டும். பக்கத்து நாட்டில், ஸ்டாக்ஹோம் பேச்சில், கூட்டுச்சொல் என்றாலே பெரும்பாலும் இரண்டாம் தொனிதான். அங்கே இந்தத் தலைவலி இல்லை.

இதில் மிக முக்கியமானது, தொனி ஒரு கூட்டுச்சொல்லுக்கு ஒன்றே ஒன்று என்பது. கிழக்குப் பேச்சில் தலையழுத்தத்தில் தொடங்கும் இசை, சொல்லின் கடைசி அசை வரை நீண்டு அங்கேதான் ஏறி முடிகிறது. இரண்டு சொல்லாகச் சொன்னால் இரண்டு இசை. 'நொர்ஸ்க்லாரெர்' ஒரே இறக்க ஏற்றம், 'நொர்ஸ்க் லாரெர்' இரண்டு. ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்ற கேள்விக்கு நோர்வேஜியக் குழந்தை இலக்கணம் படித்து விடை சொல்வதில்லை. எத்தனை இசை கேட்டது என்று எண்ணுகிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் பலர். கிறிஸ்தியானியா என்று அப்போது பெயர் கொண்டிருந்த இந்த நகரத்தில் பேராசிரியராக இருந்த யூஹான் ஸ்தூர்ம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காண்டிநேவியத் தொனிகளைக் கூர்ந்து கேட்டு எழுதினார். நோர்வேஜியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஐனார் ஹௌகென், மார்ட்டின் ஜூஸுடன் சேர்ந்து 1952இல் கிழக்கு நோர்வேயின் தொனி பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. யார்ட் கிறிஸ்தொஃபெர்சென் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நோர்வேஜிய ஒலியியல் நூல் கூட்டுச்சொல்லின் அழுத்தத்தை விரிவாக வகைப்படுத்துகிறது. இவ்வளவு இருந்தும் நாம் கையில் எடுக்கும் சாதாரண அகராதிகள் தொனியைக் குறிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து கற்பவருக்கு இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். பிறப்பிலேயே தொனி கேட்டவருக்கு அந்தக் குறி வேண்டாம், நமக்கு வேண்டும்.

ஒரு செய்தியை இங்கே சேர்க்கவேண்டும். இந்த இரண்டு தொனிகளும் நோர்வே எங்கும் ஒன்றுபோல் இல்லை. மேற்கே, கிழக்கில் தாழும் இடத்தில் உயர்கிறது. பெர்கனை அடுத்த சில பகுதிகளிலும், வடக்கே ஃபின்மார்க்கின் பல இடங்களிலும் தொனி வேறுபாடே இல்லை. நம்மவர் பலர் 1980களில் முதலில் போய்ச் சேர்ந்தது அந்த ஃபின்மார்க் கரையின் மீன் தொழிற்சாலைகளுக்குத்தான். அங்கே மொழி பழகிப் பின்னர் ஒஸ்லோவுக்கு வந்தவர்களிடம் 'உங்கள் இசை சரியில்லை' என்று யாராவது சொன்னால், அவர்கள் கேட்டுப் பழகிய பேச்சில் அந்த இசை இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அவர்கள் கற்றதும் நோர்வேஜியம்தான்.

இனி அசைப் பிரிப்பு. இங்கேதான் நம் தாய்மொழி நேராகக் குறுக்கே வருகிறது. தமிழில் ஒரு சொல் மெய்யில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால், மெய் உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது. ஊர் எல்லை என்பது ஊரெல்லை. 'ர்' முதல் சொல்லை விட்டு இரண்டாம் சொல்லின் அசைக்குப் போய்விடுகிறது, அதனால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. புணர்ச்சியே நம்மிடம் கூட்டைக் காட்டும் அடையாளம். நோர்வேஜியம் வேறு வழியில் போகிறது: உறுப்புகள் சேரும் பொருத்து இருக்கும் இடத்தில் அசையின் எல்லையும் இருக்கவேண்டும்.

வாடகைக்குக் கார் எடுக்கும் இடத்தில் 'பீலூத்லெய்யெ' என்று எழுதியிருக்கும். பீல், ஊத், லெய்யெ என்று மூன்று உறுப்பு: கார், வெளியே, வாடகை. நம்மவர் வாயில் அது இயல்பாகவே 'பீ-லூத்-லெய்யெ' ஆகிவிடுகிறது. 'பீ' என்றால் தேனீ. 'லூத்' என்றால் காரநீர். கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கு பரிமாறும் 'லூதெஃபிஸ்க்' என்ற மீன் உணவு அந்தக் காரநீரில் ஊறியதுதான். தேனீயும் காரநீரும் வாடகைக்கு என்று கேட்ட நோர்வேஜியர் ஒரு கணம் திகைக்கிறார். நாம் நம் உச்சரிப்பில் வேறெங்கோ பிழை இருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் இன்னும் உரத்துச் சொல்கிறோம். உரக்கச் சொல்லத் தேவையில்லை. லகரத்தைப் பீலோடு நிறுத்தி, 'ஊத்' என்பதைப் புதிதாகத் தொடங்கினால் போதும். என் வகுப்புகளில் நான் முதலில் பழக்குவது இந்த நிறுத்தத்தைத்தான்.

எல்லை இடம் மாறினால் பொருளே மாறும் சொல் ஒன்று காட்டுகிறேன். 'ஹூஸ்அரெஸ்த்' என்றால் வீட்டுக்காவல். வீடு என்னும் 'ஹூஸ்', காவல் என்னும் 'அரெஸ்த்'. இதே எழுத்து வரிசையை 'ஹுசார்' என்றும் 'ரெஸ்த்' என்றும் வெட்டினால் குதிரைப்படை வீரனின் மிச்சம் என்று வரும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஒலி அடியோடு வேறு. வீட்டுக்காவலில் தலையழுத்தம் முதல் அசையில், 'ஊ' நெடில், சகரம் அதோடு நிற்கிறது. படைவீரனில் தலையழுத்தம் 'சார்' மேல், முன்னால் வரும் 'ஹு' குறுகிவிடுகிறது, சகரம் அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது. அசை எல்லையும் அழுத்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல்லை நான் அறியேன்.

அச்சில் வரிமுடிவில் சொல்லை வெட்டும் விதியும் இதன்படிதான் அமைந்திருக்கிறது. கூட்டல்லாத சொல்லை வெட்டும்போது பொதுவாக ஒரு மெய்யை அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். கூட்டுச்சொல்லை உறுப்புகளின் பொருத்தில் வெட்டவேண்டும். கைவேலைக்கு 'ஹொன்அர்பெய்த்'. 'ஹொன்' என்ற கைச்சொல்லின் ஈற்றில் ஒலிக்காத 'டி' ஒன்று எழுத்தில் உண்டு. பொருத்தை அறியாத கணினி ஒரு மெய் விதியைப் போட்டு அந்த 'டி'யை அடுத்த வரிக்குத் தள்ளினால், முதல் வரியின் முடிவில் 'ஹோன்' மிஞ்சும். அதற்கு இகழ்ச்சி என்று பொருள். தையலும் பின்னலும் பற்றிய கட்டுரையில் வரிமுடிவில் இகழ்ச்சி வந்து நின்றால் படிப்பவர் கண் அடுத்த வரிக்குப் போய்த் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மெய்யெழுத்தை மூன்று முறை அடுத்தடுத்து எழுதுவதை நோர்வேஜியம் விரும்பாது. பேருந்துக்கு 'புஸ்', ஈற்றில் இரண்டு எஸ். ஓட்டுநருக்கு 'ஷொஃபோர்', எழுத்தில் தொடக்கம் எஸ். சேரும்போது மூன்று எஸ் வரவேண்டிய இடத்தில் இரண்டே எழுதுகிறார்கள். பேருந்து நிலையத்துக்கும் அப்படியே. பாண்டு வாத்தியக் குழுவுக்கான 'முசிக்கொர்ப்ஸ்' என்ற சொல்லில் மூன்று கே வரவேண்டும், இரண்டுதான் உண்டு. மே 17ஆம் தேதி, 1814இல் அரசியலமைப்பு பிறந்த நாளில், நம் பிள்ளைகளும் சீருடை போட்டு ஊதிக்கொண்டு நடக்கும் குழுக்கள்தான் அவை. ஆனால் இந்தச் சொல்லை வரிமுடிவில் வெட்ட நேர்ந்தால் காணாமற்போன கே திரும்பி வருகிறது: முதல் வரியில் இரண்டு கேயோடு 'முசிக்', அடுத்த வரியில் ஒரு கேயோடு 'கொர்ப்ஸ்'. உறுப்புகள் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் உரியது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. இரண்டு கே எதற்கு என்றால், முன்சொன்ன கனக் கணக்குக்காக. 'முசிக்' என்பதில் இகரம் குறில், ஆகவே ககரம் நீளவேண்டும்.

மூன்று உறுப்புள்ள சொற்களில் பெரிய பொருத்து எது, சிறிய பொருத்து எது என்ற சிக்கல் எழும். வைன் கிண்ணத்துக்கு 'வீன்கிளஸ்', நடுவில் ஒன்றும் இல்லை. சிவப்பு வைன் கிண்ணத்துக்கு 'ரோவீன்ஸ்கிளஸ்', வைனுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஓர் எஸ் வந்து நிற்கிறது. அந்த எஸ் இல்லாவிட்டால் 'சிவப்பு நிறமுள்ள வைன் கிண்ணம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். எஸ் வந்ததும் சிவப்பும் வைனும் ஒரு பக்கம், கிண்ணம் மறுபக்கம் என்று தீர்ந்துவிடுகிறது. எல்லாச் சொல்லிலும் இது ஒழுங்காக நடக்காது, ஆனாலும் அடிக்கடி நடக்கிறது.

பொருத்தில் எல்லை நிற்கிறது என்றேன். எல்லை என்றால் சுவர் என்று கொள்ளவேண்டாம். கிழக்கு நோர்வேயிலும் வடக்கிலும் ரகரத்துக்குப் பின் த, ந, ல, ச வந்தால் இரண்டும் ஒன்றாகி நா மேல்நோக்கி வளைந்த ஒலியாகிறது. குழந்தைக்கான 'பார்ன்' நம் காதில் 'பாண்' என்று விழுவது அதனால்தான். அது உண்மையிலேயே நம் ணகரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒலி. ஐரோப்பியர் பலர் இந்த ஒலிக்குப் பாடுபடும்போது நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. இந்த மாற்றம் கூட்டுச்சொல்லின் பொருத்தையும் தாண்டி நடக்கும். வசந்தம் என்ற 'வோர்', சூரியன் என்ற 'சூல்' இரண்டும் சேர்ந்தால் 'வோஷூல்'. ரகரமும் சகரமும் கரைந்து ஒன்றாகின்றன. ஆனால் 'வோ'வின் நீட்சியும் 'ஷூ'வின் நீட்சியும் அப்படியே இருப்பதால் இரண்டு உறுப்பும் காதில் தெளிவாக நிற்கின்றன. பெர்கன், ஸ்டவாங்கர் போன்ற தென்மேற்கு ஊர்களில் ரகரத்தைத் தொண்டையில் ஒலிப்பதால் இந்த வளைவு அங்கே இல்லை. அங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் 'பாண்' என்று சொல்ல மாட்டார்கள்.

இனி எழுதுவதற்கு வருகிறேன். கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதும் பிழைக்கு 'சார்ஸ்க்ரீவிங்' என்று பெயர். கடைப் பலகைகளிலும் உணவு விலைப்பட்டியல்களிலும் நிறையக் காணலாம். செம்மறிக் குட்டியின் தொடை இறைச்சிக்கு 'லம்மெலோர்'. இடைவெளி விட்டு 'லம்மெ லோர்' என்று எழுதினால் முடங்கிப்போன தொடைகள். ஆங்கிலத்தின் செல்வாக்கால் வந்த பிழை இது என்று பலர் குறைப்படுகிறார்கள்; ஆங்கிலத்தில் கூட்டுச்சொற்களை இடைவெளியோடு எழுதுவது பரவலாக இருப்பதால் அதில் நியாயம் உண்டு. நமக்கு வேறு காரணமும் இருக்கிறது. 'பேருந்து நிலையம்' என்று பிரித்துத்தான் நாமும் எழுதுகிறோம், அதனால் பொருள் கெடுவதில்லை. அந்தக் கைப்பழக்கம் நோர்வேஜியத்திலும் 'புஸ்' என்று எழுதி இடம் விட்டு 'ஸ்தஷூன்' என்று எழுதவைக்கிறது.

இந்தப் பிழைக்கு ஆசிரியர்கள் விதிப்பட்டியல் தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகுதியில் ஊன்றல், ஒரே இசை என்றால் சேர்த்து எழுதுங்கள். இரண்டு இசை கேட்டால் பிரித்து எழுதுங்கள். நோர்வேஜியச் சிறுவனுக்கு இந்தச் சோதனை கைகொடுக்கிறது என்றால் நமக்கும் கைகொடுக்கவேண்டும். ஆனால் அதற்கு முதலில் நம் வாயில் அந்த இசை இருக்கவேண்டும். எழுத்துப் பாடத்தையும் உச்சரிப்புப் பாடத்தையும் தனித்தனி வகுப்பாகப் பிரித்துவைப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். உச்சரிப்பு 'பிறகு தானாக வரும்' என்று தள்ளிவைக்கப்படும் இடங்களில், எழுத்துப் பிழையும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

முதல் உறுப்புக்குத் தலையழுத்தம் என்ற விதிக்கு உள்ள விலக்குகளைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அவை அன்றாடம் காதில் விழுபவை. சில ஊர்ப்பெயர்களில் தலையழுத்தம் பின்னால் போகிறது. தெற்கே கிறிஸ்தியன்சான், நான்காம் கிறிஸ்தியன் மன்னர் 1641இல் நிறுவியது. மேற்கே கிறிஸ்தியன்சுன், ஆறாம் கிறிஸ்தியன் காலத்தில் 1742இல் நகரமானது. இரண்டிலும் ஊன்றல் கடைசி அசையில். வேறுபடுவதும் அந்த ஓர் அசையின் உயிர் மட்டுமே. கடிதங்கள் மாறிப்போகாமல் இருக்க ஒன்றின் பின்னால் தெற்கைக் குறிக்கும் எஸ், மற்றதன் பின்னால் வடக்கைக் குறிக்கும் என் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது.

எண்களும் அப்படித்தான். 'ஷூயெ' இருபது, 'தூ' இரண்டு. இருபத்திரண்டுக்கு 'ஷூயெதூ', தலையழுத்தம் 'தூ' மேல். முப்பத்தைந்துக்கு 'த்ரெத்திஃபெம்', ஊன்றல் 'ஃபெம்' மேல். இந்த எண்முறைக்கு வயது அதிகமில்லை. 1951 வரை ஒன்றின் இலக்கத்தை முதலில் சொல்லி, 'இரண்டும் இருபதும்' என்றே எண்ணினார்கள். தொலைபேசி இணைப்பகங்களில் இலக்கங்கள் முன்பின்னாகக் கேட்டு இணைப்பு மாறிப்போவதைக் குறைக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது; நாடாளுமன்றம் ஏற்றது; 1951இல் புதிய எண்முறை நடைமுறைக்கு வந்தது. எழுதும் வரிசையிலேயே சொல்லவும் தொடங்கினார்கள். பழைய முறை ஒழிந்துவிடவில்லை. மூத்தவர்கள் வயதைச் சொல்லும்போது இன்றும் கேட்கலாம், இளையவர்கள் சிலரிடமும் கேட்கலாம். வீட்டுத் தொலைபேசியின் எட்டு இலக்கங்களை இரண்டிரண்டாகச் சொல்வது வழக்கம். புதிய முறையில் ஒவ்வொரு இணையிலும் ஊன்றல் கடைசி இலக்கத்தில் வரும். பழைய முறைக்காரர் பேசினால் முதலில் காதில் விழுவது இரண்டாவதாக எழுதவேண்டிய இலக்கம். நடுவில் 'ஒ' என்ற 'உம்' சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் அது பழைய முறை, இலக்கங்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்களைத் திகைக்கவைத்த சொற்களை வாய்விட்டே சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து கேட்போம்.